வேர் அறுபடாமல் ஒரு துண்டம்: தண்டுவடத்தில் வலிச்செய்தியைப் பதிவுசெய்வது எப்படி

தண்டுவடத் துண்டத்துக்கு வலிக்காது. எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான். வலி என்பது மூளை, நினைவு, பயம் எல்லாம் சேர்ந்து ஓர் உயிர் படும் பாடு. கார்போஜன் வாயு குமிழிடும் திரவத்தில் கிடக்கிற அரை மில்லிமீட்டர் திசுவில் நாம் அளப்பது அதை அல்ல. தோலிலிருந்து கிளம்பிய தீங்குச் செய்தி தண்டுவடத்தின் பின்கொம்பில் (புலன் செய்திகள் வந்துசேரும் முதுகுப்புறப் பகுதி) முதல் சினாப்ஸை, அதாவது இரு நியூரான்கள் சந்திக்கும் இடத்தை, தாண்டும்போது என்ன ஆகிறது என்பதை மட்டும்தான் அளக்கிறோம். அங்கே அது பெருகுகிறதா, அடங்குகிறதா, அடக்குவது எந்த நியூரான்? இவ்வளவுதான் கேள்வி.

இந்தக் குறிப்பு, நுண் கண்ணாடிக் குழாயை ஒரு செல்லில் ஒட்டி அதன் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் முறையைக் கற்கவரும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு. பின்வேர் (புலன் நார்கள் தண்டுவடத்துக்குள் நுழையும் நரம்புவேர்) ஒட்டியபடியே எடுக்கும் எலித் தண்டுவடத் துண்டத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இதில் ஆம்ப்ளிஃபயரைப் போடுவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது என்பது என் அனுபவம். நல்ல துண்டம் கிடைத்த நாளில் சுமாரான கைகூட நல்ல பதிவு எடுக்கும். துண்டம் கெட்ட நாளில் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

எதற்கு எந்த முறை

முதலில் மற்ற முறைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம். வலி ஆய்வு என்றதும் எல்லோரும் நினைப்பது நடத்தைச் சோதனைகளை. கம்பிவலைத் தளத்தின் கீழிருந்து வான் ஃப்ரே இழையால் பாதத்தைத் தொடுவது, 1988-இல் வந்த ஹார்கிரீவ்ஸ் கருவியால் பாதத்தில் வெப்ப ஒளி பாய்ச்சி எத்தனை நொடியில் காலை இழுக்கிறது என்று பார்ப்பது, ஃபார்மலின் சோதனை, இப்படி. ஃபார்மலின் ஊசி போட்டதும் சில நிமிடம் நக்கும், உதறும். பிறகு ஓர் அமைதி. கால் மணி நேரம் கழித்து இரண்டாம் கட்டம் தொடங்கி ஒரு மணி நேரம்வரை போகும். அந்த இரண்டாம் கட்டத்தில் தண்டுவடத்தின் கைவரிசை பெரிது. ஆனால் எந்த நியூரான், எந்த சினாப்ஸ் என்று நடத்தை சொல்லாது.

எந்தெந்த நியூரான்கள் வேலைசெய்தன என்ற வரைபடம் வேண்டுமென்றால், நியூரான் தூண்டப்பட்டதும் விழிக்கும் சி-ஃபாஸ் மரபணு. ஹன்ட், பினி, இவான் மூவரும் 1987-இல் காட்டியது: தோலில் தூண்டல் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், வேலைசெய்த பின்கொம்பு நியூரான்களின் உட்கருவில் ஃபாஸ் புரதம் சாயத்தில் தெரியும். அழகான படம்தான். ஆனால் நேரம் அதில் இல்லை. எது முதலில், எது பிறகு என்று தெரியாது. தடுக்கும் நியூரானும் தூண்டும் நியூரானும் ஒரே மாதிரிப் புள்ளியாகத்தான் தெரியும்.

உயிரோடு மயக்கத்தில் இருக்கும் எலியின் பின்கொம்பில் டங்ஸ்டன் மின்முனை இறக்கிப் பதிவுசெய்வது இன்னொரு வழி. பாதத்தை நிஜமாகவே தடவலாம், கிள்ளலாம், சூடு வைக்கலாம். வலியைக் கொண்டுவரும் மெல்லிய சி நார்களைத் தூண்டும் வலுவில் இரண்டு நொடிக்கு ஒருமுறை மின் அதிர்வு கொடுத்தால், ஒவ்வொரு அதிர்வுக்கும் பதில் ஏறிக்கொண்டே போகும். ‘வைண்ட்-அப்’ என்று மெண்டல் 1966-இல் விவரித்தது இதைத்தான். ஆழமான அடுக்குகளில் இருக்கும் பெரிய நியூரான்களுக்கு இந்த முறை அருமை. ஆனால் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதும், யாரிடமிருந்து செய்தி வந்தது என்பதும் கையில் சிக்காது.

அதற்குத்தான் துண்டம். இங்கே பாதம் கிடையாது, மூளை கிடையாது. ஆனால் ஒற்றை சினாப்ஸ் கிடைக்கிறது. ஒரு முறை தந்த பதிலை இன்னொரு முறையின் கேள்விக்கு ஒட்டவைக்காதீர்கள். ‘இந்த மூலிகைச் சாறு இரண்டாம் அடுக்கில் சினாப்ஸ் மின்னோட்டத்தைக் குறைத்தது, ஆகவே வலிநிவாரணி’ என்ற வாக்கியத்தைச் சிவப்பு மையில் அடித்து அடித்து எனக்கு அலுத்துவிட்டது.

வேர் ஏன் வேண்டும்

பின்கொம்பு ஒரே சதைப்பிண்டம் இல்லை. பூனையின் தண்டுவடத்தைச் சாயமேற்றிப் பார்த்த ரெக்செட் 1952-இல் தண்டுவடத்தின் சாம்பல் பகுதி முழுவதையும் பத்து அடுக்காகப் பிரித்தார். முதல் அடுக்கும் இரண்டாம் அடுக்கும்தான் நமக்குரிய இடம். வலியையும் வெப்பத்தையும் கொண்டுவரும் ஏ-டெல்டா, சி நார்களில் பெரும்பகுதி அங்கேதான் முடிகிறது. இரண்டாம் அடுக்கில் மயலின் உறை பூண்ட நார்கள் மிகக் குறைவு. அதனால் துண்டத்தை அடியிலிருந்து ஒளியூட்டிக் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தாலே கண்ணாடிபோல் தெளிந்த ஒரு பட்டை வளைந்து போவது தெரியும். தேடவே வேண்டாம்.

வேர் இல்லாத துண்டத்திலும் பதிவு எடுக்கலாம். பின்கொம்பிலேயே இருமுனைக் கம்பியைக் குத்தித் தூண்டினால் பதில் வரத்தான் செய்யும். ஆனால் நீங்கள் தூண்டியது யாரை? வெளியிலிருந்து வந்த நாரையா, பக்கத்து இடைநியூரானையா, மூளைத்தண்டிலிருந்து இறங்கிய நாரையா? பிரித்துச் சொல்ல வழியே இல்லை. பின்வேரைப் பிடித்துத் தூண்டினால் உள்ளே போவது புலன் நார் மட்டுமே. வளர்ந்த எலியில் இப்படி வேரோடு துண்டமெடுத்துப் பதிவுசெய்ததை மெகுமு யோஷிமுராவும் தாமஸ் ஜெசலும் 1989-இல் வெளியிட்டார்கள். இன்று நாம் செய்வது ஏறக்குறைய அதே வழிதான்.

முந்தைய நாள்

விலங்கு நெறிக்குழுவின் அனுமதி எண் கையில் இல்லாமல் எலிக்கூண்டைத் தொடக்கூடாது. இந்தியாவில் சி.சி.எஸ்.இ.ஏ. (விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் அரசுக் குழு) பதிவுபெற்ற விலங்குக்கூடம், நிறுவனத்தின் நெறிக்குழு, அனுமதி விண்ணப்பமான படிவம் பி, இவை முடிய மாதங்கள் ஆகும். ஆகவே ஆய்வைத் திட்டமிடும்போதே விண்ணப்பியுங்கள். ஓர் எலியிலிருந்து வேர் ஒட்டிய துண்டம் இரண்டு கிடைத்தாலே பெரிது. மீதித் திசுவை வீணாக்காமல், பின்வேர் முடிச்சுகளையும் (புலன் நியூரான்களின் செல்லுடல்கள் இருக்கும் இடம்) மற்ற பகுதிகளையும் ஆர்.என்.ஏ. எடுக்கும் தோழர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துக் கொடுத்துவிடுங்கள். இது சிக்கனம் மட்டுமில்லை. எலிகளின் எண்ணிக்கையைக் குறைக்க நாம் செய்யக்கூடிய நேர்மையான காரியமும் இதுதான்.

பதிவுக்கான திரவம் ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 6.84 கிராம், சோடியம் பைகார்பனேட் 2.10 கிராம், குளுக்கோஸ் 1.98 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.27 கிராம், நீரற்ற சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.144 கிராம். மில்லிமோலாரில் முறையே 117, 25, 11, 3.6, 1.2. இவற்றைக் கரைத்து, 95 சதவீதம் ஆக்சிஜனும் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் கலந்த கார்போஜனைக் கால் மணி நேரம் குமிழவிட்ட பிறகுதான் கால்சியம் சேர்க்க வேண்டும். ஒரு மோலார் கரைசலாக வைத்திருக்கும் கால்சியம் குளோரைடில் 2.5 மில்லிலிட்டர், மெக்னீசியம் குளோரைடில் 1.2 மில்லிலிட்டர். அவசரப்பட்டு முதலிலேயே கால்சியத்தை ஊற்றினால் பி.எச். ஏறியிருக்கும் திரவத்தில் அது கார்பனேட்டாக வீழ்ந்து, பாட்டிலுக்குள் மெல்லிய வெண்புகை படரும். அப்படித் தெரிந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். வடிகட்டிச் சமாளிக்க நினைக்காதீர்கள், ஏனெனில் எவ்வளவு கால்சியம் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது.

வெட்டுவதற்கான திரவம் வேறு. அதில் சோடியம் குளோரைடே கிடையாது. வெட்டும்போது சோடியம் உள்ளே பாய்ந்துதான் நியூரான்கள் வீங்கிச் சாகின்றன. அதற்குப் பதில் சுக்ரோஸ், சுமார் 220 மில்லிமோலார், அதாவது லிட்டருக்கு 75 கிராம். உப்பு இரண்டு அயனியாகப் பிரியும், சுக்ரோஸ் பிரியாது. அதனால்தான் அளவு ஏறக்குறைய இரட்டிப்பு. கால்சியத்தை 0.5 மில்லிமோலாருக்கு இறக்கி மெக்னீசியத்தை 7 மில்லிமோலாருக்கு ஏற்றுங்கள். நியூரான்களைத் தூண்டும் வேதிப்பொருளான குளுட்டமேட்டின் ஏற்பிகளை மூடிவைக்கக் கைனூரெனிக் அமிலம் 1 மில்லிமோலார் சேர்ப்பேன். அது எளிதில் கரையாது, முந்தைய நாளே கலக்கியில் போட்டுவிடுங்கள். இரண்டு திரவத்தையும் ஆஸ்மோமீட்டரில் பார்த்து 295 முதல் 305 மில்லி ஆஸ்மோலுக்குள் கொண்டுவந்த பிறகே வீட்டுக்குப் போக வேண்டும்.

எடுப்பது

நான்கு முதல் ஆறு வாரத்து எலி. அதற்கு மேல் வயதானால் மயலின் தடித்து, கண்ணால் பார்த்துப் பேட்ச் செய்வது கடினம். யூரித்தேன் மயக்கம் தருகிறேன். இதிலிருந்து எலி திரும்ப எழாது. தூளைக் கையுறை, முகமூடி இல்லாமல் எடை போடாதீர்கள், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் அது. மயக்கம் போதுமா என்று பார்க்க, பின்னங்காலின் விரலிடுக்கை இடுக்கியால் நன்றாகக் கிள்ளுங்கள். கால் அசையக்கூடாது. அசைந்தால் காத்திருங்கள், எவ்வளவு நேரமானாலும்.

இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே முதுகெலும்பைத் திறப்பதற்குக் காரணம் உண்டு: கடைசி நொடிவரை தண்டுவடத்துக்கு ரத்தம் போகிறது. ஊசிக்குழாயால் உப்பு நீரைப் பீய்ச்சித் தண்டுவடத்தை ஒரே மூச்சில் வெளியே தள்ளும் வழியும் இருக்கிறது. நிமிடத்தில் முடிந்துவிடும், புரதம் பிரிக்க அது போதும். ஆனால் வேர்கள் பிய்ந்துபோகும். நமக்கு ஆகாது.

கடைசி விலா எலும்பை விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். அது பதின்மூன்றாவது மார்பு முள்ளெலும்பு. பின்னங்காலுக்கான, தண்டுவடத்தின் பருத்த பகுதி எலியில் அந்த எலும்பை ஒட்டியே இருக்கிறது. இடுப்பு எலும்புவரை கீழே தேடிப்போகாதீர்கள். எலும்பு நறுக்கியின் கீழ்த்தாடை எப்போதும் மேல்நோக்கி எலும்பை நெம்ப வேண்டும். தண்டுவடத்தை அது ஒருமுறை அழுத்தினாலும் அந்த இடத்து இரண்டாம் அடுக்கு போயிற்று. வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மாலை நாலு மணிக்கு மைக்ரோஸ்கோப்பில்தான் தெரியும். ஒவ்வொரு எலும்பை நீக்கியதும் பனிக்குளிர்ந்த வெட்டுத்திரவத்தைச் சொட்டிக்கொண்டே இருங்கள்.

எல்-4, எல்-5 (நான்காம், ஐந்தாம் இடுப்பு) வேர்கள் தண்டுவடத்தை விட்டுப் பிரிந்த இடத்திலேயே வெளியேறுவதில்லை. கால்வாய்க்குள்ளேயே வால்புறமாக வெகுதூரம் ஓடித்தான் தத்தம் முடிச்சை அடைகின்றன. இது நமக்கு வரம். முடிச்சை ஒட்டி வெட்டினால் 15 மில்லிமீட்டர் நீள வேர்கூடக் கிடைக்கும். தண்டுவடத்தைத் தூக்கும்போது தலைப்பக்க வெட்டுமுனையை உறையோடு பிடித்துத் தூக்குங்கள். வேரைப் பிடித்து இழுத்தால், அது தண்டுவடத்துக்குள் நுழையும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இழைகள் அறும். தண்டுவடம் வெளியே வந்த உடனே எலியின் உயிரை முடித்துவிட வேண்டும், அது அனுமதிப் படிவத்தில் எழுதிய முறைப்படி.

இனி சில்கார்டு என்ற மென்ரப்பர் பூசிய தட்டில், அடியில் ஐஸ், மேலே கார்போஜன் குமிழ். வன்னாஸ் கத்தரியால் முன்பக்க நடுக்கோட்டில் உறையைப் பிளந்து விரியுங்கள். முன்வேர்கள் எல்லாவற்றையும் ஒட்ட வெட்டுங்கள். பின்வேர்களில் ஒரு பக்கத்து எல்-4, எல்-5 மட்டும் மிச்சம். எலியில் இவை இரண்டும்தான் கூட்டத்தில் தடித்தவை, சயாட்டிக் நரம்பின் பெரும்பகுதி இவற்றின் வழியே வருகிறது. பிறகு மெல்லுறையான பயாவை உரிக்க வேண்டும். உரிக்காவிட்டால் அலகு திசுவை வெட்டுவதற்கு முன் நசுக்கும். ஐந்தாம் எண் இடுக்கியால் முன்பக்கத்தில் ஓர் ஓரத்தைக் கிள்ளிப் பக்கவாட்டில் உரித்துக்கொண்டு வந்து, வேர் நுழையும் கோட்டுக்குச் சற்று முன்பே நிறுத்திவிடுங்கள். அங்கே பயாவும் வேரும் பின்னிக்கிடக்கும். அந்தச் சிறு கீற்றை விட்டுவைப்பதால் நஷ்டமில்லை, இழுத்தால் வேரும் கூடவே வந்துவிடும்.

தண்டுவடம் வெளியே வந்ததிலிருந்து கடைசித் துண்டம் மீள்கலத்தில் (துண்டங்கள் தேறுவதற்கான கலம்) விழும்வரை அரை மணி நேரம் தாண்டக்கூடாது என்பது என் கணக்கு. தாண்டினால் அன்றைக்கு அந்த மேசையைக் கழுவி வைத்துவிட்டுக் கட்டுரை படிக்கப் போகலாம்.

வெட்டுவது

3 சதவீத அகார் கட்டியைச் செங்குத்தாக ஒட்டி, அதன் முகத்தில் தண்டுவடத்தின் முன்பக்கம் சாய்ந்திருக்கும்படி வையுங்கள். பின்பக்கம் அலகைப் பார்த்து இருக்கட்டும். சயனோஅக்ரிலேட் பசை ஒரு மெல்லிய பூச்சு போதும். அதிகமானால் ஈரத்தில் ஏறித் தண்டுவடத்தையே மூடும். அதிரும் அலகால் துண்டம் போடும் வைப்ரடோம் கருவியின் அலகு நொடிக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் முன்னேறக்கூடாது, வீச்சு 1 மில்லிமீட்டர். புது அலகு, ஒவ்வொரு எலிக்கும். வேர் அலகின் பாதையில் மிதந்துவராமல் ஒரு நுண்தூரிகையால் ஒதுக்கிப் பிடிக்க இரண்டாவது ஆள் இருந்தால் நிம்மதி.

குறுக்காக வெட்டுவதா, நெடுக்காக வெட்டுவதா? குறுக்குத் துண்டத்தில் அடுக்குகள் தெளிவாகத் தெரியும், வேரும் சுலபமாக ஒட்டிவரும். ஆரம்பிப்பவர்களுக்கு 500 மைக்ரான் குறுக்குத் துண்டமே நல்லது. ஆனால் இரண்டாம் அடுக்கின் தீவு வகை நியூரான்கள் தங்கள் கிளைகளைத் தலை-வால் திசையில் 400 மைக்ரானுக்கு மேல் நீட்டுபவை. குறுக்கே வெட்டினால் அவற்றின் கை கால் எல்லாம் போய்விடும். தடுப்புச் சுற்றுகளைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் கஷ்டப்பட்டாவது நெடுக்குத் துண்டம் பழகத்தான் வேண்டும்.

வெட்டிய துண்டம் 34 டிகிரியில் அரை மணி நேரம், பிறகு அறை வெப்பத்தில். நல்ல துண்டம் ஐந்தாறு மணி நேரம் தாங்கும்.

பதிவு மேசையில்

துண்டத்தை அழுத்திவைக்கும் சட்டத்துக்கு, பிளாட்டினக் கம்பியை லாட வடிவில் வளைத்து அதில் நைலான் காலுறையிலிருந்து பிரித்த இழைகளை ஒட்டுங்கள். விலைக்கு விற்கும் சட்டத்தைவிட இதுவே எனக்குப் பிடிக்கும். ஓர் இழைகூட வேரின் மேல் விழாதபடி வையுங்கள். மின்முனையின் வெள்ளிக் கம்பி பளபளத்தால் பிளீச்சிங் திரவத்தில் கால் மணி நேரம் போட்டுச் சாம்பல்-ஊதா நிறம் வந்ததும் எடுங்கள். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் முதலில் செல்போன் சார்ஜரைப் பிடுங்குங்கள், பிறகு மைக்ரோஸ்கோப் விளக்கு, பம்பு என்று ஒவ்வொன்றாக. எல்லாக் கருவியின் தரையிணைப்பும் ஒரே புள்ளியில் சேர வேண்டும். ஜெனரேட்டருக்கு மாறும் அந்த அரை நொடியில் மோட்டார் மேனிப்புலேட்டர் குலுங்கிச் செல்லை இழக்கும் ஊர்க்காரர்கள் யு.பி.எஸ். இல்லாமல் பேட்ச் செய்யவே வேண்டாம்.

பதிவுசெய்யும் கண்ணாடி பிப்பெட்டின் மின்தடை 4 முதல் 7 மெகா ஓம். உள்திரவம் பொட்டாசியம் குளுக்கோனேட் அடிப்படையிலானது, 0.2 மைக்ரான் வடிகட்டி வழியே. அதில் எளிதில் சிதையும் ஏ.டி.பி. இருப்பதால் நாள் முழுக்க ஐஸில் இருக்கட்டும். நியூரானின் உருவத்தைப் பிறகு பார்க்க பயோசைட்டின் என்ற அடையாளப் பொருள் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த செல்லைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். அகச்சிவப்பில் விளிம்பு கூர்மையாக, உட்கரு வட்டமாக எடுப்பாகத் தெரிகிற செல் கண்ணைப் பறிக்கும். அது செத்த செல், தட்டில் ஊற்றிய ஆஃப்பாயில் மாதிரி. நமக்கு வேண்டியது மங்கலான விளிம்பும் வழவழப்பான மேற்பரப்பும் கொண்டது, மேற்பரப்பிலிருந்து 30, 40 மைக்ரான் கீழே.

“அக்கா, சீல் வரவே மாட்டேங்குது.”

“எத்தனை செல்லைத் தொட்டே?”

“இதே பிப்பெட்ல மூணு.”

“முதல்ல அதைத் தூக்கிப் போடு.”

ஒரு பிப்பெட், ஒரு செல். மெம்பிரேனைத் தொட்ட கண்ணாடி மறுபடி ஒட்டாது. உள்ளே இறங்கும்போது நேர் அழுத்தம் இருக்க வேண்டும். செல்லின் மேல் சிறு குழி விழுவதைப் பார்த்ததும் அழுத்தத்தை விடுங்கள், மென்மையாக உறிஞ்சுங்கள், மின்னழுத்தத்தை -70 மில்லிவோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். மின்தடை ஒரு கிகா ஓம் தாண்டினால் சீல், அதாவது கண்ணாடி செல்லோடு இறுக ஒட்டிவிட்டது. செல் திறந்த பின் தொடர் மின்தடை (பிப்பெட்டுக்கும் செல்லின் உட்புறத்துக்கும் நடுவே உள்ளது) 25 மெகா ஓமுக்குள் இருக்கட்டும். ஆய்வு முடிவதற்குள் அது 20 சதவீதத்துக்கு மேல் மாறினால் அந்தப் பதிவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ‘கொஞ்சம்தானே மாறியது’ என்று மனசு கெஞ்சும். பொருட்படுத்த வேண்டாம்.

வேரைத் தூண்டுவது

இனிதான் சாரமான பகுதி. வேரின் வெட்டுமுனையை ஓர் உறிஞ்சுக் கண்ணாடி மின்முனைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் வாய் வேரை இறுக்கமாகக் கவ்வ வேண்டும். தளர்ந்திருந்தால் மின்னோட்டம் பக்கவாட்டில் ஒழுகி, நேற்று 100 மைக்ரோ ஆம்பியரில் வந்த பதில் இன்று 300-இல்கூட வராது. அதனால் பல அளவு வாய்களில் செய்து வரிசையாக வைத்திருக்கிறேன்.

எந்த நார் தூண்டப்படுகிறது என்பதைத் தூண்டலின் வலு தீர்மானிக்கும். தொடுகையைக் கொண்டுவரும் தடித்த ஏ-பீட்டா முதலில், பிறகு ஏ-டெல்டா, கடைசியில் மெல்லிய சி. 0.1 மில்லிநொடி துடிப்புக்கு முறையே 25, 100, 500 மைக்ரோ ஆம்பியர் என்ற எண்களைப் பல கட்டுரைகளில் பார்ப்பீர்கள். அவற்றை அப்படியே எடுத்தாளாதீர்கள். உங்கள் எலியின் வயது, உங்கள் திரவத்தின் வெப்பம், உங்கள் கண்ணாடி எல்லாம் வேறு. தனியாக ஒரு வேரை எடுத்து, ஒரு முனையில் தூண்டி மறுமுனையில் எல்லா நார்களும் சேர்ந்து தரும் கூட்டு மின்துடிப்பைப் பதிவுசெய்து, உங்கள் மேசைக்கான எண்களை நீங்களே கண்டுபிடியுங்கள். கணக்கு எளிது. வேரின் நீளம் 10 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் போகும் சி நாரின் துடிப்பு 20 மில்லிநொடியில் வரும். 5 மீட்டர் வேக ஏ-டெல்டா 2 மில்லிநொடியில். ஏ-பீட்டா அதற்கும் முன்பே, தூண்டல் கிளப்பும் மின் கீறலுக்குள்ளேயே புதைந்திருக்கும். வேர் 4 மில்லிமீட்டர்தான் மிஞ்சியது என்றால் இந்த மூன்றும் ஒன்றோடொன்று நெருங்கி, பிரிப்பது பெரும்பாடாகிவிடும். கத்தியோடு நிற்கும்போது நீளத்துக்காக அவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான்.

அடுத்த கேள்வி: பதிவாகும் சினாப்ஸ் மின்னோட்டம் அந்த நாரிலிருந்து நேராக வந்ததா, இடையில் வேறொரு நியூரான் இருக்கிறதா? ஏ-டெல்டாவுக்கு, நொடிக்கு 20 என்ற வீதத்தில் இருபது துடிப்பு கொடுங்கள். ஒன்றுகூடத் தவறாமல், வரும் நேரமும் ஆடாமல் இருந்தால் நேரடி. சி நாருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. வேகமாகத் தூண்டினால் சி நார்கள் தாமாகவே மந்தமாகும், அதனால் நேரடியாக வந்த பதில்கூட நேரம் தள்ளி வரும். ஆகவே நொடிக்கு ஒன்று வீதம் தூண்டி, ஒன்றும் தவறாமல் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். நேர ஆட்டத்தைப் பொருட்படுத்த வேண்டாம். இந்த இரண்டு அளவுகோலையும் குழப்பிக்கொண்டு, நேரடியான சி பதிலையெல்லாம் மறைமுகம் என்று ஒதுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சோதனையையே அடிக்கடி செய்யாதீர்கள். சி நார்களை மறுபடி மறுபடி தூண்டுவதே சினாப்ஸை மாற்றும். நொடிக்கு இரண்டே துடிப்பு என்ற மெதுவான தூண்டல்கூட முதல் அடுக்கின் சில நியூரான்களில் நீண்டநேர வலுவேற்றத்தை உண்டாக்குவதை இகெடா குழுவினர் 2006-இல் காட்டினார்கள். அளக்கப்போன நாமே அளவை மாற்றிவிடுவோம். வழக்கமான பதிவில் இரண்டு தூண்டலுக்கு நடுவே ஒரு நிமிடம் விடுகிறேன்.

மருந்து ஊற்றுவது

-70 மில்லிவோல்ட்டில் பிடித்தால் குளுட்டமேட் மின்னோட்டம் கீழ்நோக்கித் தெரியும். தடுப்பு மின்னோட்டம் பார்க்க சீசியம் உள்திரவத்தோடு 0 மில்லிவோல்ட்டுக்குப் போங்கள். பின்கொம்பில் தடுப்பு வேதிப்பொருள்களான காபாவும் கிளைசீனும் இரண்டுமே வேலைசெய்கின்றன, ஆகவே காபாவை மறிக்கும் பைகுக்குலின் 10 மைக்ரோமோலார், கிளைசீனை மறிக்கும் ஸ்ட்ரிக்னின் 1 மைக்ரோமோலார் என்று தனித்தனியே கொடுத்துப் பிரித்துப் பாருங்கள். ஸ்ட்ரிக்னின் அளவைக் கூட்டினால் காபா ஏற்பியையும் தொடும்.

மருந்து நாரின் முனையில் வேலைசெய்கிறதா, பெறும் செல்லிலா? ஓபியாய்டுகளில் இந்தக் கேள்வி தவறாமல் வரும், ஏனெனில் டாம்கோ என்ற ஆய்வக ஓபியாய்டு போன்றது இரண்டு இடத்திலும் வேலைசெய்கிறது: நார்முனையில் குளுட்டமேட் வெளியாவதைக் குறைக்கிறது, சில செல்களில் பொட்டாசியம் வாயிலைத் திறந்து அவற்றை அமைதியாக்குகிறது. மின்துடிப்புகளை நிறுத்தும் டி.டி.எக்ஸ். கொடுத்து, தூண்டலின்றித் தானாக வரும் மினி மின்னோட்டங்களைப் பதிவுசெய்யுங்கள். அலைவெண் குறைந்து உயரம் மாறாவிட்டால் நார்முனைப் பக்கம் சந்தேகப்படலாம். இன்னும் உறுதி வேண்டுமானால் உள்திரவத்தில் ஜி.டி.பி.-பீட்டா-எஸ் போட்டு, பெறும் செல்லின் ஜி புரதத்தைக் கட்டிப்போட்டு மறுபடி பாருங்கள்.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் அடுக்கு நியூரான்களில் பெரும்பாலானவை இடைநியூரான்கள். அவற்றில் தடுப்பவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்மூடித்தனமாகப் பேட்ச் செய்து ‘இரண்டாம் அடுக்கு நியூரான்’ என்று சராசரி எடுத்தால் எதிரெதிர் வேலை செய்கிறவர்களைக் கூட்டி வகுத்ததாக ஆகும். ஒளிரும் புரதம் கொண்ட சுண்டெலிகள் கிடைத்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால், மின்னோட்டம் செலுத்தித் துடிப்பு வரும் பாணியையும் பயோசைட்டின் உருவத்தையும் சேர்த்தே வகைப்படுத்துங்கள். ஓர் எலியின் ஏழு செல் ஏழு மாதிரி ஆகாது. எத்தனை எலி என்பதை அட்டவணையில் முதலில் எழுதுங்கள், பிறகு செல்.

பயோசைட்டின் பரவ இருபது நிமிடமாவது திறந்த நிலையில் வைத்திருந்து, பிப்பெட்டை மெல்ல மெல்லப் பின்னிழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் செல்லே கூட வந்துவிடும். துண்டம் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் இரவு முழுக்க இருக்கட்டும்.

கேப்சைசினை எப்போதும் கடைசி மருந்தாக வையுங்கள். டி.டி.எக்ஸ். இருக்கும்போது 1 மைக்ரோமோலார் ஊற்றினால், மிளகாயின் அந்தக் காரப் பொருளுக்கான டி.ஆர்.பி.வி.1 ஏற்பி உள்ள நார்முனைகள் குளுட்டமேட்டைக் கொட்டும், மினி மின்னோட்டங்கள் திரையை நிறைக்கும். நீங்கள் பதிவுசெய்யும் செல்லுக்குத் தீங்குநார்த் தொடர்பு உண்டு என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் அந்த முனைகள் அதன் பிறகு பழையபடி இருக்காது, அந்தத் துண்டத்தில் வேறு செல் தேடாதீர்கள். கேப்சைசின் எண்ணெய்த் தன்மை கொண்டது, சிலிக்கோன் குழாயில் ஒட்டிக்கொண்டு மறுநாள் ஒழுகும். அன்று மாலையே குழாய்களில் 70 சதவீத எத்தனால் கால் மணி நேரம், பிறகு வடிநீர் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். கையுறையைக் கழற்றிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்வரை கண்ணைக் கசக்க வேண்டாம்.